சட்டையில் தெளித்த வாசம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. காற்று இன்றைக்கு ஆலைப் பக்கமிருந்து வீசுகிறது, அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். ஒரு கதை சொல்கிறேன். தூங்க வைக்கிற கதை இல்லை இது, பல்லைக் கடிக்க வைக்கிற கதை. நடுவில் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், தப்பில்லை. யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

எர்ணாவூர்க் குடியிருப்பில் ஒரு சாயங்காலம், பச்சையம்மா தன் புருஷனைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்துவிட்டு, அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். உள்ளங்கையைக் குழித்துக் கொஞ்சம் பிராந்தியை ஊற்றிக்கொண்டாள். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பார்களே, அந்த மாதிரி சுப்புராயனின் காலரிலும் மார்பிலும் தெளித்தாள். அவர் குளிக்க வைக்கிற குழந்தையைப் போலக் கைகளை அகற்றி, முகத்தைத் தூக்கி நின்றார். "கண்ண மூடிக்கோயா, பட்டா எரியும்" என்றாள். ஒரு துளி இமையோரம் தெறித்தது. முந்தானையால் ஒற்றி எடுத்தாள். பிறகு பாட்டிலை இறுக மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். அந்தப் பாட்டில் மாசக்கணக்கில் வரும். அதை வைத்தே சொல்லிவிடலாம், அந்த வீட்டில் குடிக்கிறவர் யாருமில்லை என்று.

ஆமாம் கண்ணுகளா, சுப்புராயன் வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்தவரில்லை. கடலுக்குப் போன காலத்தில், போட்டில் மற்றவர்கள் குளிருக்கு ஊற்றிக்கொள்ளும்போது அவர் வெல்லக் காபி குடிப்பார். அதற்காகவே அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட மனிதர் இன்றைக்கு வெளியே கிளம்புகிறார் என்றால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்கிறது. எர்ணாவூரில் மூக்குக்கு ஓய்வு கிடையாது, உங்களுக்குத் தெரியாததா. ஒரு நாள் கந்தகம், ஒரு நாள் தொண்டையைப் பிடிக்கிற வாயு, ஒரு நாள் சாம்பல். அதற்கெல்லாம் யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஒரு மனிதன் சட்டையில் வாசம் வந்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் நாக்கு முளைத்துவிடுகிறது.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். சுப்புராயனுக்கு நாற்பதைத் தாண்டியதும் நடை ஆட ஆரம்பித்தது. முதலில் திரும்பும்போது மட்டும் ஆடியது, பிறகு நேராக நடக்கும்போதும் ஆடியது. பேச்சில் எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. போட்டில் இருந்தவரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. கடலில் எல்லோருமே காலை அகற்றித்தான் நிற்பார்கள், எல்லோருமே எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். தரைதான் காட்டிக் கொடுத்தது. அவருடைய குப்பத்தில் அந்த ஆட்டத்துக்குப் பழைய பேர் உண்டு. அவர்கள் வீட்டையே 'ஆட்டக்கார வூடு' என்பார்கள். சுப்புராயனின் அத்தை ஒருத்திக்கு இதே ஆட்டம் வந்தது. பெண்பிள்ளை, குடித்தாள் என்று சொல்ல முடியாது. ஏதோ பிடித்துக்கொண்டது என்றார்கள், உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அவள் செத்த பிறகுதான் கதவு திறந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. வெளியூரிலிருந்து விவரம் தெரியாமல் வாழ வந்தவள் பச்சையம்மா.

புருஷனின் கால் ஆடத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு அந்த அத்தையின் கதை தெரிந்தது. காசிமேட்டில் ஒரு காதுகுத்து. சீர்த்தட்டோடு எழுந்த சுப்புராயன் தடுமாறி விழுந்தார். ஆப்பிள்களும் சாத்துக்குடிகளும் பந்தல் முழுக்க உருண்டன. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி மெல்லத் தலையைத் தூக்கினாள். அவள் அந்த அத்தையைப் பார்த்தவள். பச்சையம்மா அதைக் கவனித்துவிட்டாள். கிழவி வாயைத் திறப்பதற்குள் வேறு யாரோ கத்தினார்கள்: "இன்னா மாமு, காலீலயே ஏத்திக்கினியா?" பந்தலே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் பச்சையம்மா. சிரித்து முடித்து, பழங்களைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, எல்லோரும் பிரியாணிக்குப் போய்விட்டார்கள். கிழவியும் போய்விட்டாள்.

அன்றைக்கு அவள் ஒரு பாடம் கற்றாள். நோயாளியைப் பற்றி ஊர் பேசும், பேசிக்கொண்டே இருக்கும். குடிகாரனைப் பார்த்துச் சிரிக்கும், மறந்துவிடும்.

மறுநாளே ஒயின் ஷாப் வரிசையில் நின்றாள். ஆம்பிளைகள் வழிவிட்டார்கள். "அக்காவ உடுங்கப்பா, மாமுவுக்கு மருந்து வாங்க வந்துகீது" என்றான் ஒருவன். அவளும் சிரித்தாள். குடியிருப்பில் அரசாங்கம் மூன்றாம் மாடியில் ஒதுக்கியிருந்த வீட்டைக் கீழ்வீட்டுக்காரியிடம் மாற்றிக்கொண்டாள். "குடிகாரன வச்சுகினு மாடிப்படில இன்னா பண்றது?" என்றாள். அதுவும் பலித்தது. கூடவே வேறொன்றும் பலித்தது. வருஷக்கணக்காகச் சேர்ந்து வலை இழுத்த சிநேகிதன், போட் டிரைவர் இன்னாசி, எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார்: "நீ குடி, வேணான்னு சொல்லல. குடிச்சுகினு என் போட்டுல கால் வெக்காத." குடிப்பதில்லை என்று சுப்புராயன் எப்படிச் சொல்வார்? சொல்ல முடியாது. சொன்னால் கதவு சாத்துகிற கதை திரும்பி வரும். அவருக்கு ஒரே ஒரு பெண், பூமாரி.

அந்தப் பெண்ணுக்காகத்தான் இத்தனையும். அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது.

பூமாரி பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்றைக்கு சுப்புராயன் வந்தார். பிராந்தி வாசத்தோடு வந்து, மேடைப் பக்கம் கையை ஆட்டியபடி நடந்து, ஒலிபெருக்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பக்கத்திலிருந்த பிள்ளைகள் "யாருடி அது?" என்று கேட்டபோது, "தெரியல, எவனோ" என்றாள் பூமாரி. அவர் காதில் அது விழுந்தது. அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. காலேஜ் போனாள், ஹாஸ்டல் போனாள், மேலே மேலே படித்தாள். அவளுடைய படிப்புக்கு எண்ணெய் ஊற்றியது கோபம்தான். அந்த வாசத்திலிருந்து எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போகவேண்டும். போய்ச் சேர்ந்த இடம் நகரத்தின் தென்கோடியில் ஓர் ஆராய்ச்சிக் கூடம். அங்கே அவளுக்குக் கொடுத்த தலைப்பு என்ன தெரியுமா? பரம்பரையாக வருகிற நடைத் தள்ளாட்ட நோய், அதன் மூலக்கூறு வேர்.

அவள் எனக்குச் சொன்னபடி உங்களுக்குச் சொல்கிறேன், மீன்பிடிக்கிற வீட்டுப் பெண் அல்லவா, வலையை வைத்தே விளக்கினாள். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு நீண்ட எழுத்துவரிசை இருக்கிறது. உடம்பு தன்னைப் பின்னிக்கொள்வது அதைப் படித்துத்தான். அதில் ஓரிடத்தில் ஒரே மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் வரும், குற்றமில்லை. சில குடும்பங்களில் மட்டும் அந்த அடுக்கு அளவுக்கு மேல் நீண்டுவிடும். வலை பின்னுகிறவர் கணக்குத் தவறி ஒரே இடத்தில் கண்ணிகளைச் சேர்த்துக்கொண்டே போனால், வலை கரையில் நன்றாகத்தான் கிடக்கும். தண்ணீரில் இழுக்கும்போதுதான் அந்த இடம் தொங்கும். அதே மாதிரி, கூடுதல் எழுத்தால் கோணலாகப் பிறக்கிற புரதம் சிறுமூளையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குப்பையாய்ச் சேரும். நடையையும் பேச்சையும் நிதானத்தில் வைக்கிற உயிரணுக்கள் அதில் மூச்சுமுட்டிச் சாகும். பாதி வயசு வரைக்கும் ஒன்றும் தெரியாது. அப்பனுக்கோ ஆத்தாளுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி.

பூமாரி இதைப் படித்தபோது அப்பாவின் ஞாபகம் வரவில்லையா என்றால், வரவில்லை. அவர் குடிகாரர். குடிகாரர்களுக்கு அந்த ஆராய்ச்சியில் இடமில்லை. நீண்டநாள் குடியாலும் சிறுமூளை கெடும், நடை ஆடும். எது குடி, எது பரம்பரை என்று குழம்பிவிடக் கூடாதென்று, குடிக்கிறவர்களைச் சேர்ப்பதில்லை. அது நியாயமான விதிதான். அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எண்ணூர்க் கரையோரக் குப்பங்களில் வீடு வீடாகப் போனாள். நடை ஆடுகிற ஆண்கள் நிறையவே இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மனைவியைக் கேட்பாள், "குடிப்பாராக்கா?" கேள்வி முடிவதற்குள் பதில் வரும். "குடிப்பாரு கண்ணு, குடிப்பாரு. காலீல எயுந்தா அதான்." கிட்டத்தட்டச் சந்தோஷமாக வரும். வேறொருத்தியாக இருந்திருந்தால் அந்த அவசரத்தைச் சந்தேகப்பட்டிருப்பாள். பூமாரி படவில்லை. தன் ஜனத்தைத் தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். ஒவ்வொரு பேரையும் பட்டியலில் கோடு போட்டு அழுத்தி அடித்தாள். அடிக்கும்போதெல்லாம் ஒரே முகம்தான் அவள் கண்ணில் நின்றது.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை ரேச்சல் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்ன பூமாரி இது? இத்தனை குடும்பம் பார்த்து ஒண்ணுகூடத் தேறலையா? எல்லாருமே குடியா? நீ அந்தப் பக்கத்துப் பொண்ணு, நீ போனா உண்மை வரும்னுதானே உன்னை அனுப்பினேன்."

"உண்மைதான் மேடம் எழுதியிருக்கேன்."

பக்கத்து மேஜைப் பையன் ஒருவன் சொன்னான், "நார்த் மெட்ராஸ்ல ரத்தம் எடுத்தா டி.என்.ஏ. வராது மேடம், சரக்குதான் வரும்." கூடமே சிரித்தது. பூமாரியும் சிரித்தாள். சிரித்த பிறகு வாய் கசந்தது. தன் ஊரை இன்னொருவன் ஏசும்போது வருகிற கோபம் ஒன்று உண்டு. அவன் சொல்வதைத்தான் நானும் நம்புகிறேன் என்று தெரியும்போது வருகிற கோபம் வேறு. அது பாதியில் நின்ற ஏப்பம் மாதிரி, வெளியேயும் வராது, உள்ளேயும் போகாது. "அந்த ஏரியாவை விட்டுடு, நேரம் வேஸ்ட்" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த ஆளிடம் போனார்.

அந்த வாரம்தான் பச்சையம்மா போன் செய்தாள். வரன் வந்திருக்கிறது. திருவொற்றியூர்ப் பையன், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், நல்ல குணம், படித்த பெண்தான் வேண்டும் என்கிறானாம். "அப்பன் குடிகாரன்னு அவங்களுக்குத் தெரியும்டி. பையனோட ஆத்தா அங்கம்மா இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'அது இன்னாம்மா பெரிய விசயம், எங்க வூட்லயும் ரெண்டு கீது'ன்னு சிரிச்சிச்சு." அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். பூமாரி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேசிக்கொள்ளலாம் என்று அந்த சனிக்கிழமையே, சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டு வந்தாள். நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் அசையாமல் நின்றதால் பஸ்ஸை விட்டிறங்கி நடந்தே வந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது.

கதவு இடுக்கு வழியாக அவள் பார்த்ததைத்தான் நான் உங்களுக்கு முதலில் சொன்னேன். குழித்த உள்ளங்கை. அகற்றிய கைகள். "கண்ண மூடிக்கோயா, பட்டா எரியும்."

பூமாரி உள்ளே வந்து நின்றாள். பாட்டிலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பல வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேராகப் பார்த்தாள். படித்த கண் அல்லவா, அது தானாகவே வேலை செய்தது. அகன்று நிற்கிற கால்கள். அவள் முகத்தைப் பார்க்க நகரும்போது மெதுவாக ஊர்கிற கண்விழிகள். அவள் பேசாமல் தன் ஆள்காட்டி விரலை அவர் முன்னால் நீட்டினாள். "என் வெரலத் தொட்டுட்டு உன் மூக்கத் தொடு நைனா." முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் கேட்ட சோதனை. சுப்புராயனின் கை எழுந்தது, நடுங்கியது, இலக்கை விட்டு வழுக்கியது. அவர் விரல் அவள் விரலைத் தாண்டிப் போய் அவள் கன்னத்தில் பட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

"இவரு குடிக்கலயா?" என்றாள் பூமாரி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"மெதுவா பேசு" என்று பச்சையம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"இவரு குடிக்கவே இல்லியாம்மா?"

"இல்லடி. போதுமா? மொகத்த கயுவிகினு வா, கொழம்பு கீது."

"நான் இவர எவனோன்னு சொன்னேன். எத்தினி வருசம் பேசல. நீ பாத்துகினுதானே இருந்த? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

பச்சையம்மாவுக்குக் கோபம் வந்தது கண்ணுகளா. மீன் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகக் கூவிய தொண்டை அது. இப்போது சத்தமில்லாமல் கத்தியது, அது இன்னும் பயங்கரமாக இருந்தது. "சொல்லி? சொன்னா இன்னா பண்ணியிருப்ப? ஆமா, ஊத்துனேன். உனுக்காவத்தான் ஊத்துனேன். உன் அப்பன் அத்தையக் கதவ சாத்தி வச்சானுங்கோ, பொணமாத்தான் வெளிய வந்துச்சு. குடிகாரன் மவளக் கட்ட நாலு பேரு வருவான்டி. ஆட்டக்காரன் மவளக் கட்ட எவன் வருவான்? நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லு!"

"அதுக்கு ஒரு மனுசன நாறடிப்பியா?"

"அந்த மனுசன்தான் மொதல்ல சொல்லிச்சு, ஊத்துன்னு."

பூமாரி திரும்பினாள். சுப்புராயன் சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கிற மாதிரி பேசினார். "பரிசு... வாங்கற அன்னிக்கி... ஊத்த வேணான்னேன். கொயந்த மேடைல... நிக்குது, வாசனையோட... போவக்கூடாதுன்னேன். உங்கம்மாதான்... அத்தையப் பாத்த கெயவி... அங்க வருவா, ஊத்தணும்னு." அவ்வளவுதான்.

குப்பத்தில் பார்த்த பெண்களெல்லாம் வரிசையாக வந்து நின்றார்கள் பூமாரியின் கண்ணில். குடிப்பாரு கண்ணு, குடிப்பாரு. எத்தனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் எத்தனை பாட்டில்! அழுத்தி அழுத்தி அடித்த பேர்கள்! அவளுக்கு யாரைக் கோபிப்பது என்றே தெரியவில்லை. அம்மாவைக் கோபித்தால் அம்மா பின்னால் ஒரு சாத்திய கதவு நின்றது. கதவைச் சாத்தியவர்களைக் கோபிக்கலாம் என்றால் அவர்களெல்லாம் செத்துப்போயிருந்தார்கள். எல்லாம் சுற்றித் தன்னிடமே வந்தது.

பையிலிருந்து ஊசியையும் குழாயையும் எடுத்தாள். "ரத்தம் எடுக்கணும் நைனா. எடுத்துக்கட்டா?" அவர் கையை நீட்டினார். குளிர் வேண்டும், அவளிடம் ஐஸ் பெட்டி இல்லை. பச்சையம்மா முறைத்தாள். பிறகு உள்ளே போய்த் தன் மீன் பெட்டியிலிருந்து ஒரு பை ஐஸை அள்ளிக்கொண்டு வந்து தொப்பென்று வைத்தாள். "மீன் ஐசு ஆவுமா உன் பட்ணத்துப் படிப்புக்கு?"

"ஆவும்."

சுப்புராயனின் ரத்தம் சங்கரா மீன் வாசத்தோடு தென்கோடிக்குப் போயிற்று.

ரேச்சல் மேடம் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "குடிக்கிறவர், அதுவும் உன் சொந்த அப்பா. எப்படிச் சேர்க்கிறது?"

"அவர் குடிக்கிறதில்லை மேடம்."

"நீயேதானே சொல்லியிருக்கே, அப்பா குடிப்பார், அதனால வீட்டுக்குப் போறதில்லன்னு."

"வாசம் மட்டும்தான் மேடம். வாய்க்குள்ள போகலை." பூமாரி முழுவதையும் சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், பேர் போடாமல், சரிபார்ப்புக்காக மட்டும் அந்த ரத்தத்தைச் சோதனையில் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார்.

டி.என்.ஏ.யில் அந்த இடத்தை மட்டும் நகல் நகலாகப் பெருக்கி, ஜெல் என்கிற கூழ்ப்பலகையில் ஊற்றி, மின்சாரம் பாய்ச்சினாள். சின்னத் துண்டு வேகமாக ஓடும், பெரிய துண்டு பின்தங்கும். எல்லோருக்கும் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று, இரண்டு பட்டைகள். ஊதா விளக்கைப் போட்டபோது சுப்புராயனின் வரிசையில் ஒரு பட்டை மற்றவர்களோடு சமமாக நின்றது. இன்னொன்று கூட்டத்தோடு ஓட முடியாமல் மேலேயே நின்றுவிட்டது, போட் கிளம்பிப் போன பிறகு கரையில் நிற்கிற ஆள் மாதிரி. பூமாரி இருட்டறையில் அந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊரெல்லாம் சேர்ந்து சொன்ன பொய்க்கு எதிராக அந்த ஒரு கோடு போதும். ஆனால் அது பேசாது, யாராவது எடுத்துப் பேச வேண்டும்.

மேடம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "பூமாரி! அப்படின்னா நீ நீக்கின அத்தனை குடும்பமும்... இது எவ்வளவு பெரிய பரம்பரை தெரியுமா? அந்தக் கடற்கரை முழுக்க ஒரே வேராக்கூட இருக்கலாம். அருமையான குடும்பம்! உடனே திரும்பிப் போ, எல்லாரையும் எடு." பிறகு குரலைத் தாழ்த்தினார், நல்ல எண்ணத்தோடுதான். "உன்னோட ரத்தத்தையும் ஓட்டிப் பார்க்கலாமா?"

அருமையான குடும்பம். இத்தனை வருஷத்தில் தன் குடும்பத்தை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்பது பூமாரிக்கு அப்போது உறைத்தது. நேற்று வரைக்கும் வேஸ்ட், இன்றைக்கு அருமை. "அவங்க குடும்பத்துக்கு அது அருமை இல்ல மேடம்" என்றாள். "நான் திரும்பிப் போவேன். ஆனா சாம்பிள் எடுக்க இல்ல, மொதல்ல சொல்ல. அவங்க புருஷனுங்களுக்கு என்னன்னு அவங்களுக்குச் சொல்லாம ஒரு சொட்டு எடுக்க மாட்டேன். சொல்றதுக்கு ஒரு டாக்டர் என்கூட வரணும். அதுக்கு நீங்க ஏற்பாடு பண்ணுங்க." கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. தன்னுடையதை ஓட்டுவதைப் பற்றி அவள் பதிலே சொல்லவில்லை. மேடமும் மறுபடி கேட்கவில்லை.

பெண் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. பச்சையம்மா விடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டு, பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவி வைத்தாள். பூமாரி புடவை கட்டிக்கொண்டாள். ஆட்டோ நெடுஞ்சாலையைத் தாண்டிவிட்டதாக போன் வந்ததும் பச்சையம்மாவின் கை, பழக்கம், அரிசி டப்பாவுக்குப் பின்னால் போயிற்று.

"வேணாம்மா" என்றாள் பூமாரி.

"இன்னிக்கி ஒரு நாளு. ஒரே நாளு. அவங்க பாத்துட்டுப் பூட்டப்புறம் நீ ஊரக் கூட்டி இன்னா வேணா சொல்லிக்கோ."

"அவங்களுக்குத் தெரியணும். இது நைனா வழில வருது. எனுக்கும் வரலாம். பாதிக்குப் பாதி."

பச்சையம்மாவின் கை அடிக்க உயர்ந்தது. பாதியில் நின்றது. "வாய மூடுடி" என்றாள், அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "உன் வாயால அதச் சொல்லாத. அதச் சொல்லிடக்கூடாதுன்னுதான்டி இத்தினி வருசம் நான் அந்த மனுசன் மேல..." பாட்டிலைப் பிடித்தபடி அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுப்புராயன் கட்டிலில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. கையை நீட்டினார், கொடியைக் காட்டினார். "அந்த வெள்ள... சொக்கா குடு."

"ஊத்தாமயா?" என்றாள் பச்சையம்மா.

"சோப்பு வாசனதான்... நல்லா கீது."

பூமாரி எடுத்துக் கொடுத்தாள். பித்தான் போட உதவப் போனாள். அவர் வேண்டாமென்று தலையசைத்துத் தானே போட்டுக்கொண்டார். விரல்கள் துளையைத் தேடித் தேடி, தவறி, திரும்பத் தேடி, ஒவ்வொன்றாக. வெளியே செருப்புச் சத்தங்கள் வந்து நின்றன. கடைசிப் பித்தான் போட்ட பிறகுதான் அவர் எழுந்தார். கால்களை அகற்றி வைத்து, போட்டின் தளத்தில் நடக்கிறவர் மாதிரி, எதையும் பிடிக்காமல் வாசலுக்குப் போனார். பூமாரி ஓரடி பின்னால் நின்றாள், தொடவில்லை.

அங்கம்மா வாசலில் நின்று வாயெல்லாம் சிரிப்பாகக் கும்பிட்டாள். அவளுடைய தம்பி, தாட்டியான ஆள், ஜாலியான ஆள், முன்னால் வந்து சுப்புராயனின் தோளில் கை போட்டார். சுப்புராயன் பக்கவாட்டில் சரிந்து, சமாளித்து நின்றார். தம்பிக்கு முகம் மலர்ந்தது. "இன்னா மச்சான், காலீலயே..." என்று ஆரம்பித்துக் குனிந்தார், முகர்ந்தார். சோப்பு வாசம். இன்னொரு தடவை முகர்ந்தார். வெள்ளைச் சட்டை, வெயிலில் காய்ந்த வாசம். அவர் வாயில் அந்தக் கேலி பாதியில் நின்றது. அங்கம்மாவின் கும்பிட்ட கை இறங்கவில்லை. தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. சுப்புராயன் எல்லோரையும் பார்த்தபடி, ஆடிக்கொண்டே, கைகளைக் கூப்பினார். பூமாரி வாயைத் திறந்தாள்.

உங்கள் வீடுகள் நன்றாக இருக்கட்டும் கண்ணுகளா. உங்கள் வாசலில் யாராவது தடுமாறினால், முகர்ந்து பார்க்கிற மூக்குக்கு முன்னால் போய்ப் பிடிக்கிற கை உங்கள் வீட்டில் இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கதவுகள் யார் மேலும் சாத்தப்படாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் கால் தரையில் நிற்கட்டும். அது நிற்காத நாளிலும் அவர்கள் பேர் நிற்கட்டும்.